உருளாத பாட்டில்

மூத்திரம் வரவில்லை. மூன்று பாட்டில் தண்ணீர் உள்ளே போயாயிற்று, போன சுவடே தெரியவில்லை. கால்பந்தில் முழு ஆட்டமும் ஓடி முடித்தவன் உடம்பு எங்கள் ஊர்க் கடற்கரை மணல் மாதிரி, எத்தனை குடம் ஊற்றினாலும் உறிஞ்சிக்கொண்டு பேசாமல் கிடக்கும். ஆட்டம் முடிந்ததும் ஊக்கமருந்துச் சோதனைக்கு அணிக்கு இரண்டு பேரைக் குலுக்கி எடுப்பார்கள். எங்கள் கோயில் திருவிழாச் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளிகூட எனக்கு விழுந்ததில்லை, இதில் மட்டும் முதல் சீட்டே ததேயு, லெஃப்ட் பேக் என்று வந்தது. இரண்டாவது சீட்டு எங்கள் கேப்டன் காசி. அதனால் செமி பைனல் ஜெயித்த அணி அந்தப் பக்கம் டிரஸ்ஸிங் ரூமில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இந்தக் குளிர் அறையில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், எதிரெதிர் பெஞ்சில். எதிரணி ஆட்கள் இரண்டு பேரும் சீக்கிரமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், தோற்றவனுக்குச் சட்டென்று வந்துவிடும் போல. கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சோதனை அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார், நான் வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறாரோ என்னவோ. வந்தால் கூடவே உள்ளே வந்து நின்று பார்ப்பார், அதுதான் சட்டமாம், அதை நினைத்தால் வருகிறதும் திரும்பிப் போகிறது. சுவரில் டி.வி. சத்தமில்லாமல் ஓடுகிறது. அதில் காசி, தலையில் கட்டோடு, கோல் கோட்டின் மேல் பறந்து பந்தைத் தலையால் வெளியே தள்ளுகிறார், மறுபடி தள்ளுகிறார், இன்னொரு கோணத்திலிருந்து தள்ளுகிறார். பெஞ்சில் இருக்கிற காசி அதை யாரோ ஒருவன் ஆட்டத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். கொஞ்சம் முன்னால் என்னிடம் ஜெயித்தோமா என்று கேட்டார். நான் சிரித்தேன். தமாஷ்தான், வேறென்ன, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் தமாஷ் பண்ணுகிற மனிதர். தண்ணீர் குடி ததேயு, நாலாவது பாட்டிலைத் திற.

அவர் கையிலும் ஒரு பாட்டில் இருக்கிறது, மூடியைத் திறக்கவில்லை. இப்போது அதைத் தரையில் படுக்கப் போடுவார், பார்த்துக்கொண்டே இரு. எந்த ஊர் போனாலும், எந்த ஹோட்டல் அறைக்குள் நுழைந்தாலும், பெட்டியை இறக்குவதற்கு முன் ஒரு பாட்டிலைத் தரையில் கிடத்தி அது எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்ப்பது இவர் வழக்கம். மூன்று வருஷம் முன்னால் கோவாவில் முதல் காம்ப், எங்கள் இருவருக்கும் ஒரே அறை. ஆறடிக்கு மேல் வளர்ந்த போலந்துக்காரர், தன் நாட்டு ஜெர்சியைப் போட்டவர், வந்து இறங்கிய அன்றே மண்டியிட்டுத் தரையோடு கன்னத்தை வைத்துத் தண்ணீர் பாட்டிலை முறைத்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும். கேட்டேன், சொன்னார். போலந்துக்குத் தெற்கே சிலேசியா, நிலக்கரி பூமி. அவர் ஊருக்கு அடியில் இருந்ததையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டார்கள், மேலே ஊர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது. சுவர் வெடிக்கும், கதவு தானாகத் திறக்கும், தட்டில் சூப் ஒரு பக்கமாகவே ஒதுங்கி நிற்கும். இவர் அம்மா தினமும் காலையில் ஒரு பாட்டிலைத் தரையில் விட்டு, வீடு நேற்றைக்கு மேல் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாராம். தெருப் பையன்கள் ஆடிய மைதானமும் ஒரு மூலைக்குச் சாய்ந்தே கிடந்தது. நேராக அடித்த பந்து நேராகப் போகாது. மற்றவர்கள் எல்லாம் பந்தின் பின்னால் ஓட, இவர் மட்டும் சாய்வைக் கணக்குப் பண்ணி முன்னாலேயே போய் நின்றுகொள்வார். என் வித்தை அவ்வளவுதான், மற்றதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் சேர்த்தது என்றார். அன்றைக்குப் பாட்டில் மெதுவாகக் குளியலறைப் பக்கம் போனது. இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டார். சாயுது என்றேன். சாயுது, சாயுது என்று வாயில் போட்டுப் பழக்கிக்கொண்டார். போகப்போக அறை வாசலில் நின்றபடியே சாயுது, சாயலை என்று சொல்லிவிடுவார், பாட்டில் சும்மா சாட்சிக்கு. ஒரு தடவைகூட அவர் சொல்லி அது மாறி உருண்டதில்லை. உள்ளங்காலிலேயே ரசமட்டம் வைத்திருக்கிற மனிதர் என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ததேயு என்று எனக்கு எங்கள் பங்குச் சாமியார் வைத்த பெயர். அதைக் கேட்டதும் இவருக்கு ஒரே சந்தோஷம், அப்பாவுக்கும் அதே புனிதர் பெயர்தானாம், அங்கே ததேயுஷ், வீட்டில் கூப்பிடுவது தாதெக். அன்றிலிருந்து நான் தாதெக். இவருடைய காசிமியேஷ் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை, முதல் ஆட்டத்திலேயே கேலரி அதைக் காசி ஆக்கிவிட்டது. காசி என்பது புண்ணியத் தலம் என்று விளக்கினேன், அப்படியானால் என்னைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பாவம் போகிறதா, முக்கியமாக அந்த ரெஃப்ரிக்கு, என்று கேட்டார். டிபென்ஸில் நாலு பேரும் ஒரே கோடாக நிற்க வேண்டும், அந்தக் கோட்டை நகர்த்துவது இவர் குரல். ஆங்கிலத்தில் கத்தினால் எதிரணிக்கும் புரிகிறது என்று தமிழ் வார்த்தை கேட்டு வாங்கிக்கொண்டார். ஏறு என்றால் நாலு பேரும் ஒரே மூச்சில் முன்னால், எதிரி ஸ்ட்ரைக்கர் பின்னால் தனியாக ஆப்சைடில் மாட்டுவான். இரு என்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், ஒரு அடி கூடாது. பெரியவர்களை இப்படியெல்லாம் ஏறு, இரு என்று சொல்லக்கூடாது, ங்க சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது, நீ ங்க சேர்ப்பதற்குள் பந்து வலைக்குள் போய்விடும் என்றார். இன்னொன்றும் சொன்னார். கோட்டில் ஒருத்தன்தான் சொல்ல வேண்டும், அவன் தப்பாகச் சொன்னாலும் நாலு பேரும் சேர்ந்தே தப்புப் பண்ண வேண்டும், மூன்று பேர் ஒரு பக்கமும் ஒருத்தன் ஒரு பக்கமும் போனால்தான் கோல். மூன்று வருஷமாக நான் அந்தக் குரலுக்குக் கால் எடுத்து வைத்திருக்கிறேன். முப்பது வயதில் எனக்கு ஒரு பேர் கிடைத்தது என்றால், கொல்கத்தா கிளப்பிலிருந்து ஆள் வந்து ஞாயிற்றுக்கிழமை பைனலில் என்னைப் பார்க்கப் போகிறான் என்றால், அது என் காலுக்குக் கிடைத்த மரியாதை இல்லை, காதுக்குக் கிடைத்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

இன்றைக்கு இரண்டாவது பாதியில், வலது பக்கக் கார்னர், காசியும் அவர்கள் ஸ்ட்ரைக்கரும் ஒரே பந்துக்கு எழும்பினார்கள். தேங்காய் உடைகிற சத்தம். நான் இரண்டடி தள்ளி நின்றேன், இப்போதும் காதில் இருக்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இவருக்குப் புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம். எங்கள் டாக்டர் ஹபீப் ஓடி வந்து கட்டுப் போட்டுக்கொண்டே கேள்வி கேட்டார், எதிரணி யார், ஸ்கோர் என்ன, எந்தப் பாதி. எல்லாவற்றுக்கும் காசி டாண் டாண் என்று பதில் சொன்னார். டாக்டரின் தோளுக்குப் பின்னாலேயே ஸ்கோர்போர்டு பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது, காசியின் கண் அதிலேயே இருந்தது, அது எனக்குத் தெரிந்தது, டாக்டருக்குத் தெரியவில்லை. எழுந்தார், ஆடினார், கடைசியில் அதே தலையால் அந்தக் கோலைத் தடுத்தார். மொத்த ஸ்டேடியமும் காசி காசி என்று அலறியது, நானும் அலறினேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு மனிதனோடு ஆடக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கடைசி நிமிடங்களில் அவர் ஏறு என்று சொல்லவில்லை. என்னென்னவோ போலந்து பாஷையில் கத்தினார். கை முன்னால் நீண்டதால் நாலு பேரும் ஏறிவிட்டோம், தப்பித்தோம். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் கேப்டன் என்று ரைட் பேக் சிரித்தான். டிரஸ்ஸிங் ரூமுக்குப் போகும் டனலில் இறங்கும்போது ஒரு படியில் தடுக்கி என் தோளைப் பிடித்தார், பிடித்த கை இறுகியது, காதருகில் சொன்னார். "டாக்டர்கிட்ட எதுவும் பேசாதே, தாதெக். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். அப்பா வராரு." தலைக்குள் அடி என்று டாக்டர் எழுதிவிட்டால் பைனலில் ஆட முடியாது. பைனல் இதே மைதானத்தில், அதுதான் இவர் காலில் பூட்ஸ் போடும் கடைசி நாள், மாதக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரி என்று தலையாட்டினேன். கோட்டில் ஒருத்தன்தான் சொல்ல வேண்டும்.

அந்த அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு என் மாமனாரைப் பற்றிக்கூடத் தெரியாது. சுரங்கத்தொழிலாளி. மகனுக்கு ஒன்பது வயதில் முதல் ஆட்டம் பார்க்க வந்தார், அன்றைக்கு மகன் தன் பக்கமே கோல் போட்டான். அதற்குப் பிறகு உள்ளே வந்து ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை, ஸ்டேடியத்துக்கு வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்துகொள்வார், கூட்டம் போடும் சத்தத்தை வைத்து ஆட்டம் எப்படிப் போகிறது என்று கண்டுபிடித்துக்கொள்வார். சுரங்கம் மூடி ஊர் கிளப் திவாலானது, காசி வடக்கே துறைமுக ஊருக்குப் போனார், அங்கேயும் கார் நிறுத்துமிடம். ஜெர்மனியில் இரண்டாம் டிவிஷன், முழு சீசனும் பெஞ்ச், அப்போதும் அந்தக் கிழவர் பஸ் பிடித்துப் போய் வெளியே உட்கார்ந்தார், உள்ளே மகன் சும்மா உட்கார்ந்திருக்க. எனக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிக்க முடியவில்லை. முழங்கால் அறுவை, மறுபடி எழுந்தது, சைப்ரஸ், மறுபடி வீடு. இருபத்தொன்பது வயதில் ஒரே ஒரு தடவை நெஞ்சில் வெள்ளைக் கழுகு வைத்த நாட்டு ஜெர்சி, கடைசிப் பத்து நிமிடம், அதில் பந்து இவர் காலுக்கு வந்ததே நாலைந்து முறைதான். இறங்கும்போது கூட்டம் என் பெயரைச் சொன்னது, வெளியே அப்பாவுக்குக் கேட்டிருக்கும் என்று தெரிந்தது, அது போதும் என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் கண் கலங்கி நான் பார்த்திருக்கிறேன், வேறு எதற்கும் இல்லை. ஊர்ப் பத்திரிகைகள் விடைகொடுத்து எழுதிய பிறகு, ஆறு மாதம் என்று சொல்லிச் சென்னைக்கு வந்தார், மூன்று வருஷம் ஆகிவிட்டது, சாம்பாருக்கு வெந்தயம் போதவில்லை என்று மெஸ்ஸில் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது. இப்போது கிழவர் வருகிறார், நாளைக்கு வந்து இறங்குகிறார். ஆயுசெல்லாம் பூமிக்கு அடியில் இருந்தவர் முதல் தடவையாக விமானம் ஏறி, மேகத்துக்கு மேலே பறந்து, இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் உள்ளே உட்கார்ந்து பார்க்கப் போகிறார். அதை நான் எப்படிக் கெடுப்பேன். எந்த வாயால் போய் டாக்டரிடம் சொல்வேன். சொல்ல என்ன இருக்கிறது, தமாஷாக ஒரு கேள்வி கேட்டார், பாஷை மாறிக் கத்தினார், படியில் தடுக்கினார், நான் தடுக்காத படியா.

லெஷேக் ஞாபகம் வேண்டாம். வேண்டாம் என்றால் வந்து நிற்கிறது. லெஷேக் இவரோடு அந்தச் சாய்ந்த மைதானத்தில் ஆடியவர், அவரும் சென்டர் பேக், ஐம்பதுகூட ஆகவில்லை, இன்றைக்கு வீட்டிலிருந்து ரொட்டிக் கடைக்குப் போனால் திரும்பி வர வழி தெரியாது. ஆயிரக்கணக்கில் ஹெட்டர் போட்ட தலை, அடிபட்ட அன்றே எழுந்து எழுந்து ஆடிய தலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காசி அவருக்குப் போன் போடுவார், நான் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்டிருக்கிறேன், பாஷை புரியாது, ஆனால் ஒரே வார்த்தையை இவர் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் புரியும். என்ன அது என்று கேட்டேன். ஜெயித்தோமா என்று லெஷேக் கேட்கிறான், ஜெயித்தோம் என்று சொல்கிறேன், மறுபடி கேட்கிறான், மறுபடி சொல்கிறேன் என்றார். எந்த ஆட்டம் என்று கேட்டேன். எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, ஏதோ ஒரு ஆட்டத்தில் ஜெயித்திருக்கிறோம் இல்லையா, அதனால் பொய் இல்லை என்றார். நாலாவது பாட்டிலை ஒரே மூச்சில் காலி பண்ணினேன். எதிரே காசி டி.வி.யிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார், கண் என்னைக் கொஞ்சம் தாண்டிப் போய் நின்று திரும்பி வந்தது. "ஜெயிச்சோமா, தாதெக்?" இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. ஜெயித்தோம் என்றேன். அவர் தலையை ஆட்டினார், திருப்தியாக. அதிகாரி சும்மா இருக்கிற நேரத்தில் விவரம் எழுதிக்கொள்ளலாம் என்று காசியிடம் தங்கியிருக்கும் முகவரி கேட்டார். காசி யோசிக்காமல் சொன்னார், கதவு எண், தெரு, மாடி. அதிகாரி அந்தத் தெருப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினார். அது அவர் இங்கே தங்கியிருக்கும் பாலவாக்கத்து ப்ளாட் இல்லை. அது அந்தச் சாய்ந்த வீடு. அதை இடித்துப் பதினைந்து வருஷம் இருக்கும், போட்டோ காட்டியிருக்கிறார், வெறும் புல்தரை, இதுதான் எங்கள் அடுப்படி என்று ஒரு செடியைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஞாயிற்றுக்கிழமை போச்சு, கிழவர் போச்சு. கொல்கத்தா ஆளும் போச்சு, அதையும் சேர்த்துத்தான் நினைத்தேன், இந்த நேரத்தில் அதையும் நினைக்கிற மனசை என்ன சொல்ல. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், எத்தனை பேருக்குச் சரியாகியிருக்கிறது. லெஷேக்குக்கும் முதலில் சரியாகித்தான் இருக்கும்.

காசி பாட்டிலைத் தரையில் படுக்கப் போட்டார். எனக்கு என்னவோ ஆசுவாசமாக இருந்தது, பழைய ஆள் திரும்பி வந்ததுபோல. புதுக் கட்டடம், வெள்ளை டைல்ஸ், மட்டம் பார்த்துப் போட்ட தரை. பாட்டில் போட்ட இடத்தில் கிடந்தது. உள்ளே தண்ணீர் ஒரு தடவை தளும்பி அடங்கியது, அவ்வளவுதான். சொல்லுங்கள் அண்ணே, சாயலை என்று சொல்லுங்கள், ஒரு வார்த்தை, நான் நிம்மதியாகக் கக்கூஸுக்குப் போகிறேன். அவர் குனிந்து பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். "சாயுது" என்றார். பாட்டில் அசையவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கொஞ்சமாவது உருளு என்று மனசுக்குள் கெஞ்சினேன், ஒரு விரற்கடை உருண்டால்கூடப் போதும், காசி சொன்னது சரியாகிவிடும். "ரொம்ப சாயுது, தாதெக்." பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், விரல் வெளுத்தது, முகத்தில் தமாஷ் இல்லை, வீடு இறங்குகிறது என்று பயந்த சின்னப் பையன் முகம். உலகத்தில் எந்த மைதானத்தில் நிறுத்தினாலும் சாய்வு கண்டுபிடிக்கிற மனிதர். அந்த மனிதர்தான் எனக்குக் கேப்டன், இவர் இல்லை, இவரைக் காப்பாற்றுவது அவருக்குச் செய்கிற துரோகம் ஆகாது. வருது, நான் போறேன் என்று கக்கூஸ் கதவைப் பார்த்து முனகிக்கொண்டு அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் ஒரு பக்கம் மடங்கியது. என் வாயிலிருந்து அது தானாக வந்தது, மைதானத்துக் குரலில், மூன்று வருஷமாக நான் ஒரு தடவையும் சொல்லாத வார்த்தை. "இரு." அறை அதிர்ந்திருக்க வேண்டும், அதிகாரி பேனாவைக் கீழே போட்டார். காசி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு அடி நகரவில்லை. நல்ல டிபெண்டர் என்றால் அதுதான், தலைக்குள் என்ன உடைந்து கிடந்தாலும் அந்தக் குரலுக்கு உடம்பு நிற்கும்.

கதவைத் திறந்து டாக்டர் ஹபீபைக் கூப்பிடுங்கள் என்று அதிகாரியிடம் கத்தினேன். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், சாயாமல் இருக்கத் தோளைக் கொடுத்தேன். டாக்டர் வந்தார், கண்ணில் டார்ச் அடித்தார், ஒரு கண்ணில் அடித்துவிட்டு இன்னொரு கண்ணுக்குப் போனவர் மறுபடி முதல் கண்ணுக்கு வந்தார், ஆம்புலன்ஸ் என்று மட்டும் யாரிடமோ சொன்னார். எப்போதிருந்து இப்படி என்று என்னைக் கேட்டார். சொன்னேன், ஸ்கோர்போர்டு, பாஷை, படி, வீட்டு முகவரி, ஒன்று விடாமல், டனலில் அவர் கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். காசி அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், பட்டால் படட்டும், பட்டால் நன்றாயிருக்கும், இன்னும் அவர் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் என் ஜெர்சியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது, நாலு பாட்டில் தண்ணீரும் ஒரே நேரத்தில், அடிவயிறு கிழிந்துவிடும்போல. அதிகாரி என்னைப் பார்த்தார், நான் கதவைப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. அவரை இரு என்று சொன்னவன் நான், இனி நானும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நாளைக்கு விமான நிலையத்துக்கு நானே போவேன், அந்தக் கிழவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன், வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் உட்கார விடமாட்டேன், கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவேன். தரையில் பாட்டில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. டி.வி.யில் காசி மறுபடியும் பறந்தார், மறுபடியும் பந்தைத் தள்ளினார்.

"ஜெயிச்சோமா, தாதெக்?"

"ஜெயிச்சோம், அண்ணே."

வண்டி வரும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.